இசையில் மாஸ்டர்: தோட்டத்தில் இருந்துகொண்டு எப்படி விண்ணப்பிப்பது?

சிப்புட்_வயலின் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். வயது 27. உள்ளூர்ப் பல்கலையில் இசைக்கல்வி டிகிரி, சி.ஜி.பி.ஏ. (மொத்தச் சராசரிப் புள்ளி) 2.68. கர்நாடக வயலின்தான் முதன்மை. மேற்கத்திய வயலினில் ஏ.பி.ஆர்.எஸ்.எம். (பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) எட்டாம் கிரேட் முடிந்திருக்கிறது. வார நாளில் தமிழ்ப்பள்ளியில் மாலை வகுப்பு, சனி ஞாயிறு கோயில் மண்டபத்தில் வகுப்பு.

அடுத்த வருடத்துக்குள் மாஸ்டர் (முதுகலை) சேர்ந்துவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு அகப்பக்கமும் ஒரு மாதிரி சொல்கிறது. ரிசர்ச், மிக்ஸ்ட் மோட், கோர்ஸ்வர்க், பெர்ஃபார்மன்ஸ். எனக்கு எது பொருந்தும்? 2.68 போதுமா? ஆடிஷன் வீடியோவை வீட்டிலேயே எடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா? வீட்டுக்குத் தகரக் கூரை, வாசலுக்கு நேரே செம்பனை லோரி போகிற மண் பாதை. ஈப்போவில் ஸ்டூடியோ பிடிக்கும் அளவுக்குக் கையில் இல்லை. சென்னைக்கே போய்விடு என்று பாதிப் பேர், இங்கேயே படி என்று மீதிப் பேர். இன்னொன்று, என் குரு தமிழில்தான் கடிதம் எழுதுவார். அது செல்லுமா?

தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


கம்பார்_டீச்சர்:

தங்கச்சி, மார்க்கைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) வைத்திருக்கிற பொது அளவுகோல்படி மாஸ்டருக்கு சி.ஜி.பி.ஏ. 2.50 இருந்தால் கதவு திறக்கும். 2.50க்குக் கீழ் இருப்பவர்களிடம்தான் வேலை அனுபவம் போன்ற கூடுதல் தகுதி கேட்பார்கள். உங்கள் 2.68 உள்ளே போகப் போதும். உதவித்தொகைக்குப் போட்டி போடும்போது அது இடிக்கும், அது வேறு கணக்கு. சில துறைகள் பொது அளவுகோலைவிடக் கூடுதலாகவும் கேட்கும். அந்தந்தப் பாடத்தின் பக்கத்தில் பாருங்கள், பல்கலையின் பொதுப் பக்கத்தில் அல்ல.

படிப்பு வகைக்கு வருவோம். ரிசர்ச் என்றால் ஆய்வேடு மட்டும்தான். மேற்பார்வையாளர் கிடைக்காமல் இடமே கிடைக்காது. கோர்ஸ்வர்க் என்றால் வகுப்பும் பரீட்சையும், கடைசியில் ஒரு சின்ன ஆய்வு. மிக்ஸ்ட் மோட் இரண்டும் கலந்தது. கோர்ஸ்வர்க்கும் மிக்ஸ்டும் குறைந்தது 40 கிரெடிட், ரிசர்ச்சுக்குக் கிரெடிட் கணக்கு இல்லை. பெர்ஃபார்மன்ஸ் என்பது இவற்றில் எந்த உடுப்பையும் போட்டுக்கொண்டு வரலாம். அதில் ஆய்வேட்டுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ கச்சேரி வாசித்து, வாசித்ததைப் பற்றி எழுதியும் கொடுக்க வேண்டும். பின்னால் பி.எச்.டி. போகிற எண்ணம் இருந்தால் முழு கோர்ஸ்வர்க்கைத் தவிர்ப்பது நல்லது. ஆய்வு முறைப் பாடம் குறைகிறது என்று அப்போது திருப்பி அனுப்புவார்கள்.

இனி யாரும் அகப்பக்கத்தில் எழுதி வைக்காத விஷயம். பெர்ஃபார்மன்ஸ் மாஸ்டருக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் துறைக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "கர்நாடக வயலினை முதன்மைக் கருவியாக எடுத்தால் வாரா வாரம் எனக்குப் பாடம் எடுப்பவர் யார்?" பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் உங்களுக்கு இல்லை. இங்குள்ள இசைத்துறைகளில் கருவிப் பயிற்சி பெரும்பாலும் மேற்கத்திய இசையைச் சுற்றியே அமைந்திருக்கும். வெளியாசிரியரை அழைத்துக் கொடுக்கத் துறை தயாரா, அவருடைய சம்பளம் உங்கள் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியாகக் கட்டணுமா, இதெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள். சேர்ந்த பிறகு கேட்டால் "நீங்கள் மேற்கத்திய வயலினே வாசிக்கலாமே" என்பார்கள்.

எங்கெங்கே பார்க்கலாம் என்றால், உங்களுக்குக் கிட்டே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலை, அங்கே இசைக்கும் நிகழ்த்துகலைக்கும் தனிப் புலம் இருக்கிறது. இசைக்கல்வி டிகிரிக்காரருக்கு அது இயல்பான அடுத்த படி. செர்டாங் புத்ரா பல்கலையில் இசைத்துறை மனிதச் சூழலியல் புலத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும், தேடும்போது தவறவிடாதீர்கள். மலாயாப் பல்கலையில் படைப்புக்கலைப் புலம். பினாங்கில் அறிவியல் பல்கலையின் கலைப்பள்ளி. தனியார் என்றால் செராஸ் பக்கம் யு.சி.எஸ்.ஐ. நான்கைந்து இடத்தையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு துறையின் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, யார் யார் ஆசிய இசை, நாட்டார் இசை, சமூக இசை என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அந்தப் பல்கலை நூலகத்தின் ஆய்வேட்டுத் தொகுப்பில் அவர் பெயரைப் போட்டால் எந்தெந்த ஆய்வுகளை மேற்பார்த்திருக்கிறார் என்று தெரியும். அவர் உங்களுக்கு ஆவாரா மாட்டாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அவருக்கு எழுதும் மின்னஞ்சல் 150 சொல்லைத் தாண்டக் கூடாது. யார், என்ன கருவி, என்ன கேள்வியை ஆராய விருப்பம், எந்த சேர்க்கைக்கு. ஒரு பக்க ஆய்வுக் குறிப்பு இணைப்பு. அவ்வளவுதான். ஒரே துறையில் நான்கு பேருக்கு ஒரே கடிதத்தைத் தட்டிவிடாதீர்கள், நால்வரும் ஒரே அறையில் டீ குடிப்பவர்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.


தம்புரா_சுருதி:

வீடியோவைப் பற்றி நான் சொல்கிறேன். வீட்டில் எடுக்கலாம், ஸ்டூடியோ தேவையே இல்லை. கேட்பவர்கள் தேடுவது மினுக்கலான ஒலியை அல்ல. எதிரொலியும் எடிட்டிங்கும் ஏற்றிய பதிவைக் கண்டால் சந்தேகம்தான் வரும். ஒரே ஓட்டத்தில் வெட்டாமல் எடுத்தது, முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும், இதுதான் அநேகமாக எல்லா இடத்திலும் சட்டம்.

ஆனால் தகரக் கூரை வீடு வேண்டாம். மழை மட்டுமல்ல, வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து டிக் டிக்கென்று விடும் சத்தமும் பதிவில் விழும். கோயில் மண்டபமும் பள்ளி டேவானும் (பொது மண்டபம்) அதைவிட மோசம். சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் சேர்ந்தால் ஒரு பிருகா (வேகமான சுரக்கொத்து) முடிவதற்குள் முந்தைய பிருகாவின் எதிரொலி வந்து மேலே விழும், வேகக் கற்பனாஸ்வரம் குழம்பிப் போகும். உங்கள் பள்ளியின் நூலகத்தைக் கேளுங்கள். நான்கு பக்கமும் புத்தக அலமாரி இருக்கிற அறை வயலினுக்கு அருமையான அறை. கதவுக்கு எதிரே உட்காராமல் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து, சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி உட்காருங்கள். தரையில் பாயின் மேல் ஒரு தடித்த கம்பளம்.

நேரம் காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை. பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போயிருப்பார்கள், குலை ஏற்றிய லோரிகள் ஆலைக்குக் கிளம்புவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். மத்தியானத்துக்கு மேல் எடுக்காதீர்கள். குறிப்பாக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் நம்ம பக்கம் மூன்று மணி மழை சொல்லி வைத்தது மாதிரி வரும். பள்ளி விடுமுறையில் எடுத்தால் மணியடிக்கும் தொல்லையும் இல்லை.

கருவி: கையடக்க ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. எம்.பி.3 வேண்டாம். உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டர் தூரம், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், வயலினின் ஒலித்துளைகளைப் பார்த்தபடி. தானியங்கி ஒலியளவு என்று ஒரு வசதி இருக்கும், அதை அணைத்தே ஆக வேண்டும். அது இருந்தால் ஆலாபனை மெதுவாகத் தொடங்கும்போது அறையின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும், மிருதங்கம் ஒரு தட்டு தட்டியதும் எல்லாவற்றையும் அமுக்கும், கேட்க நெஞ்சு ஏறி இறங்குவது போலிருக்கும். அதிக சத்தமாக வாசிக்கும் இடத்தை முதலில் வாசித்துப் பார்த்து, ரெக்கார்டரின் ஒலியளவுக் காட்டி மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6க்கும் நடுவே எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

படம் கைப்பேசியிலேயே போதும். நீங்கள் தரையில் அமர்ந்து வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பவர், ஆகவே கைப்பேசியும் தாழ்வாக, தரையிலிருந்து முக்கால் மீட்டரில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் இடது கை விரல்கள் மறைந்துவிடும். டியூப் லைட்டுக்குக் கீழே 30 பிரேமில் எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டை ஓடும், ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 பிரேமுக்கு மாற்றுங்கள், அல்லது விளக்கையே அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். டியூபின் ரீங்காரமும் போகும்.

படத்தையும் ஒலியையும் பிறகு சேர்க்க, தொடங்கும்போது ஒரு கைத்தட்டு. இரண்டு கருவியின் கடிகாரமும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் வில்லுக்கும் ஒலிக்கும் இடைவெளி கண்ணுக்கே தெரியக்கூடும். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனிக் கோப்பாக எடுங்கள், அதற்கு அனுமதி இருந்தால்.

தம்புரா ஆப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் விடுங்கள். ஸ்பீக்கரை முதுகுக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் வையுங்கள். சுருதி கேட்கணும், ஆனால் வயலினுக்குக் கீழே கேட்கணும். மிருதங்கக்காரர் மைக்கிலிருந்து இரண்டரை மீட்டராவது தள்ளி உட்காரட்டும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும் என்பது அவருக்கே தெரியும், அரை மணி முன்னதாக வந்து அறையின் காற்றுக்குப் பழகவிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் வில்லிலும் அதே கதைதான். ஈரத்தில் மயிர் நீளும், இன்னும் ஒரு சுற்று முறுக்க வேண்டியிருக்கும். விரல் வழுக்கத் தேங்காயெண்ணெய் தடவுகிறவரானால் அந்தக் கையால் வில் மயிரைத் தொட்டுவிடாதீர்கள், அன்றைய பதிவு அதோடு முடிந்தது.

என்ன வாசிப்பது? நேரம் 20 முதல் 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு காலத்தில் ஒரு வர்ணம், பிறகு ஆலாபனையோடு ஒரு கிருதி, கற்பனாஸ்வரம், கோர்வை. இதில் உங்கள் கை, மனம், கணக்கு மூன்றும் தெரிந்துவிடும். மேற்கத்திய இசைக்காரர்கள் உட்கார்ந்து கேட்கப் போகிற குழுவாக இருந்தால் தோடியை முதலில் வைக்காதீர்கள். தோடியின் காந்தாரம் ஆடிக்கொண்டேதான் நிற்கும், பழகாத காதுக்கு அது சுருதி தவறியதாகவே படும். கல்யாணியோ மோகனமோ முதலில் வைத்துக் காதைப் பழக்கிவிட்டுப் பிறகு போங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: ராகத்தின் ஏறுவரிசை இறங்குவரிசை, தாளம் எத்தனை எண்ணிக்கை, இயற்றியவர் யார், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை அப்போதே கற்பனையில் வாசித்தது. 3:40 ஆலாபனை, 9:15 கிருதி, 13:05 ஸ்வரம் என்று நிமிடம் போட்டே எழுதுங்கள். கேட்பவர்கள் முழுதும் கேட்க மாட்டார்கள், தாவித் தாவித்தான் கேட்பார்கள்.

எட்டாம் கிரேட் துண்டை ஆசைக்காகச் சேர்க்காதீர்கள். மேற்கத்திய பெர்ஃபார்மன்ஸ் மாஸ்டருக்கு வருபவர்கள் அதைத் தாண்டி டிப்ளோமா மட்டத்தில் வாசிப்பவர்கள். உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கும்போது பலவீனத்தை நாமே தட்டில் வைத்துக் கொடுப்பானேன்.


ஈப்போ_மிருதங்கம்:

சென்னையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். போவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றம்) உதவித்தொகை. இந்திய அரசின் ஏ2ஏ என்ற தளத்தில் விண்ணப்பம், வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் திறக்கும். ஐந்து பல்கலைகளை விருப்ப வரிசையில் போடலாம், 500 சொல்லில் ஆங்கிலக் கட்டுரை ஒன்று, நிகழ்த்துகலைக்காரர்களுக்குப் பதிவும் வேண்டும். மாஸ்டருக்கு வயது 18 முதல் 30, ஆகவே தங்கச்சி இன்னும் இரண்டு சேர்க்கைக்குள் முடிவெடுப்பது நல்லது.

அந்த ஐந்தில் எதைப் போடுவது? சென்னைப் பல்கலையின் இந்திய இசைத்துறை, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலை, 2013இல் தொடங்கிய தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலை, இவை மூன்றும் தமிழ் பேசிக்கொண்டே படிக்கக் கூடியவை. டில்லியிலும் கர்நாடக இசை எம்.ஏ. உண்டு. கலாக்ஷேத்ராவின் பெயர் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அங்கே கிடைப்பது டிப்ளோமா, முதுநிலை டிப்ளோமா. கற்றுக்கொள்ள அருமையான இடம், ஆனால் மாஸ்டர் பட்டம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

நம் ஊர் டிகிரியை இந்தியப் பல்கலை ஏற்க ஏ.ஐ.யு. (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) தரும் சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு வாரக் கணக்கில் ஆகும், இடம் கிடைத்த பிறகு தேடினால் வகுப்பு தொடங்கிவிடும். விசா அந்தப் பல்கலையின் பெயரிலேயே எழுதப்படும், நடுவில் கல்லூரி மாறுவது சுலபமில்லை. ஆறு மாதத்துக்கு மேலான மாணவர் விசா என்றால் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். முதல் வாரத்தில் பெட்டியைப் பிரிக்கிற வேகத்தில் பலர் கோட்டை விடுவது இதைத்தான்.

நேர்முகத்தில் வாசிப்போடு சாத்திரமும் கேட்பார்கள். கடபயாதி முறையில் (ராகப் பெயரின் எழுத்தை எண்ணாக்கும் முறை) மேசகல்யாணி ஏன் 65 என்று விரல் விட்டுக் காட்டத் தெரிய வேண்டும்: மே என்பது ஐந்து, ச என்பது ஆறு, திருப்பிப் போட்டால் 65. 72 மேளத்தையும் (தாய் ராகங்கள்) இப்படிச் சொல்லும் அளவுக்குப் படித்துவிடுங்கள். இங்கே இசைக்கல்வி படித்தவர்கள் மேற்கத்திய ஹார்மனியில் தடுமாற மாட்டார்கள், லட்சணத்தில்தான் (ராக இலக்கணம்) மாட்டிக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. திரும்பி வந்து அரசாங்க வேலை, அரசுப் பள்ளி என்று யோசனை இருந்தால், போகப் போகிற பல்கலையும் படிப்பும் அங்கீகரித்த பட்டங்களைப் பட்டியலிடும் எம்.கியூ.ஏ.வின் இ-சிஸ்ராஃப் தளத்தில் இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள். படித்து முடித்துவிட்டுத் தேடுவது நடந்த கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது மாதிரி.


கம்பார்_டீச்சர்:

மிருதங்கம் அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. வாசிப்பு ஒன்றே நோக்கம் என்றால் சென்னை. இந்தத் தங்கச்சி நடத்துகிற வகுப்பையும் விட்டுவிட்டு இரண்டு வருடம் போவதற்கு அது மட்டும் காரணமாக இருக்குமா என்று யோசிக்க வேண்டும். இங்கே பகுதிநேரமாகப் படிக்க வழி உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு ரயிலிலேயே போய் வரலாம், ஆனால் எல்லா இ.டி.எஸ். (மின்சார விரைவு ரயில்) வண்டியும் இரண்டு இடத்திலும் நிற்காது. சேருவதற்கு முன் வகுப்பு நேரத்தையும் ரயில் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


பாரிட்_புந்தார்_அக்கா:

காகித வேலையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வாசிப்பில் தோற்றவர்களைவிடக் காகிதத்தில் தோற்றவர்கள் அதிகம் என்பது என் கட்சி.

முதல் தொல்லை உங்கள் பெயரில் இருக்கிற ஏ/பி. (இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்). அடையாள அட்டையில் ஒரு மாதிரி, டிகிரியில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருந்தால் வெளிநாட்டு விண்ணப்பம் நடுவழியில் நிற்கும். பல தளங்கள் சாய்கோட்டை ஏற்காது. "குடும்பப் பெயர்" என்று கேட்கும் கட்டத்தில் என்ன போட்டாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். அப்பா பெயர் அந்தக் கட்டம், உங்கள் பெயர் மற்றதில், ஏ/பி. இல்லாமல். பிறகு இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாண ஆணையரிடம் ஒரு தாள் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விண்ணப்பத்தோடும் அதை இணைக்கலாம்.

மதிப்பெண் பட்டியலை நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்புவது வேறு, உங்கள் பழைய பல்கலையின் பதிவாளர் நேரே அனுப்புவது வேறு. இரண்டாவதைக் கேட்கும் இடம் இருக்கிறது. பட்டமளிப்பு மாதத்தில் பதிவாளர் அலுவலகம் அசையாது, ஒன்றரை மாதம் முன்னதாகவே கேளுங்கள்.

குருவின் கடிதம் செல்லும். தமிழிலேயே எழுதட்டும், அதுதான் உயிரோடு இருக்கும். சான்றளித்த மொழிபெயர்ப்பை மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனத்தில் வாங்கி, மூலத்தோடு சேர்த்து வையுங்கள். ஆனால் குருவின் கடிதம் மட்டும் போதாது. இரண்டு கடிதம் கேட்டால் ஒன்று உங்களுக்குப் பாடம் எடுத்த விரிவுரையாளருடையதாக இருக்க வேண்டும். அது அவருடைய பல்கலை மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும், சொந்த முகவரியிலிருந்து வந்ததைச் சில தளங்கள் ஏற்காது. ஆறு வாரம் முன்னால் கேளுங்கள். கேட்கும்போது "நல்லா எழுதுங்க சார்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி போடுவதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் படிப்பு, கடைசி நாள் என்ன, அவருடைய எந்தப் பாடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். அவரிடம் வருடத்துக்கு நூறு பேர் படிக்கிறார்கள், உங்கள் வயலின் மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள். குரு எழுதும் கடிதத்தில் எத்தனை வருடம் கற்றீர்கள், எத்தனை வர்ணம், எத்தனை கிருதி, எந்தெந்தச் சபையில், கோயிலில் வாசித்தீர்கள் என்று எண்ணிக்கை வரட்டும். "என் மாணவி மிகவும் பணிவானவள்" என்பதை வைத்து எந்தக் குழுவும் இடம் கொடுக்காது.

பணம்: ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்கலாம், உங்களுடையதிலிருந்தும் சரி, அப்பா அம்மாவுடையதிலிருந்தும் சரி. இடம் கொடுத்த கடிதமும் கட்டண விவரமும் கேட்பார்கள். அவர்கள் ஓய்வுக்கால காசு அது, கேட்கும் முன் உங்கள் கணக்கைக் காலி பண்ணிவிடுங்கள் என்பேன். வரி கட்டுகிறவராக இருந்தால் மாஸ்டர் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கழிவு உண்டு, எந்தத் துறை மாஸ்டராக இருந்தாலும். ரசீதை வைத்திருங்கள்.


சிப்புட்_வயலின்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஏ/பி. விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, டிகிரியில் அது விட்டுப்போயிருக்கிறது. டீச்சர், மிக்ஸ்ட் மோட் பக்கம் மனம் போகிறது. ஆனால் ஆய்வுக் குறிப்பில் என்ன எழுதுவது? "மலேசியத் தமிழர்களின் இசை வளர்ச்சி" என்று ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன். அப்புறம், சில இடத்தில் நேர்முகம் ஜூமில் என்கிறார்கள். வீட்டு இணையம் கைப்பேசியிலிருந்துதான்.


கம்பார்_டீச்சர்:

அந்தத் தலைப்பைத் தூக்கி வையுங்கள் தங்கச்சி. பத்துப் பேர் பத்து வருடம் செய்ய வேண்டிய வேலை அது. குறிப்பைப் படிப்பவர் முதல் பத்தியில் தேடுவது ஒரு கேள்வியை, அதுவும் ஒன்றரை வருடத்தில் பதில் சொல்லக் கூடிய கேள்வியை.

உங்கள் வீட்டைச் சுற்றியே பாருங்கள். தோட்டத்து அம்மன் கோயில் தீமிதியில் உருமி மேளம் இறங்குகிறதே, அதை எடுத்துக்கொள்வோம். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை அடிப்பார்கள். அந்தத் தேய்ப்பொலி சாமி வருகிற நேரத்தில் எப்படி மாறுகிறது, அடியின் வேகம் எந்த நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது, யார் சைகை கொடுத்து ஏற்றுகிறார்கள்? ஒரு கோயில், ஒரு திருவிழா, இரண்டு மூன்று குழு. பதிவு செய்து, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அளந்து, வாசித்தவர்களிடம் அந்தப் பதிவையே போட்டுக் காட்டிக் கேட்டால் அது ஆய்வு. வயலின்காரி உருமியை ஆராயலாமா என்று யோசிக்க வேண்டாம். சுருதியும் தாளமும் கேட்கத் தெரிந்த காது, வாசிப்பவர்களோடு உட்கார்ந்து பேசக் கூடிய மொழி, இரண்டும் உங்களிடம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து வருகிற ஆய்வாளர் அதற்கே ஆறு மாதம் செலவழிப்பார்.

மின்னஞ்சலுக்கு அந்த ஒரு பக்கம் போதும்; விண்ணப்பத்தோடு போகிற முழுக் குறிப்பில் கேள்வி, ஏற்கெனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள், நீங்கள் எப்படிச் செய்வீர்கள், எந்த மாதத்தில் எது, இவ்வளவு வந்தால் போதும், மூன்று நான்கு பக்கம். அரசுப் பல்கலையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், ஆய்வேட்டையும் அதே மொழியில்தான் எழுத வேண்டிவரும் என்பதை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். மாத அட்டவணையைத் திருவிழாவை வைத்துப் போடுங்கள், பல்கலை நாட்காட்டியை வைத்து அல்ல. தீமிதி தவறினால் ஒரு வருடம் போச்சு. அதற்கு முன் பல்கலையின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது சும்மா ஒரு கையெழுத்து இல்லை. உருமிக் குழுக்களில் 18 வயதுக்குக் கீழே பையன்கள் நிறைய, அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சாமி வந்து ஆடுகிறவரிடம் அந்த நேரத்தில் சம்மதம் வாங்க முடியாது. முன்னாடியே கேட்டு, முடிந்த பிறகு படத்தைக் காட்டி மறுபடியும் கேட்பதாகக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். இதை எழுதியிருக்கிற குறிப்பைப் பார்த்தாலே களத்தை அறிந்தவர் என்று மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும்.


தம்புரா_சுருதி:

ஜூமுக்கு வருகிறேன். அதில் ஒலி அமைப்புக்குள் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டு, உயர்தர இசை முறையையும் போட்டு, எதிரொலி நீக்கத்தை அணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஜூமுக்குத் தம்புரா என்பது மின்விசிறிச் சத்தம். விடாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். உங்கள் நீண்ட கார்வைகளும் பாதியில் மங்கிப் போகும், நீங்கள் வில்லை விட்டுவிட்டதாக அவர்கள் நினைப்பார்கள். எதிரொலி நீக்கம் அணைந்திருப்பதால் காதில் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும்.

கைப்பேசி இணையத்தை நம்பி உட்காராதீர்கள். பள்ளியிலோ டவுனில் சொந்தக்காரர் வீட்டிலோ கம்பி இணையம் இருந்தால் அங்கே போங்கள், கணினியில் கம்பியையே செருகுங்கள். முந்தின நாள் அதே நேரத்தில் வேறொருவரோடு அரை மணி வாசித்துப் பார்த்து, அந்தப் பக்கத்தில் அவரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பக்கம் கேட்பது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

வீடியோவை யூடியூபில் ஏற்றும்போது பட்டியலில் வராத வகையாக வையுங்கள். தனிப்பட்டது என்று வைத்தால் குழுவுக்குத் திறக்காது, அவர்கள் உங்களுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சுட்டியை உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு வேறு கைப்பேசியில் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பதிவு நாளன்று கைப்பேசியை ஃபிளைட் மோடுக்கு மாற்ற மறக்காதீர்கள். உண்மைப் பதிவுக்கு முன் சோதனைக்காகப் பத்து விநாடி எதுவும் வாசிக்காமல் பதிவு செய்யுங்கள், அந்தப் பத்து விநாடியை ஹெட்போனில் முழுச் சத்தத்தில் கேட்டுவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்கி முதல் வில்லைப் போடுங்கள். நூலகத்தில் குளிர்பெட்டி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதில் தெரிந்துவிடும்.